கருப்பட்டியும் அவசரச் சமையலும்: கேள்வி பதில்

பாளையங்கோட்டையிலிருந்து: அக்கா, ஏழேகாலுக்கு ஸ்கூல் வேன் வந்துரும். கருப்பட்டியைத் தட்டிக் காய்ச்சி வடிகட்ட எங்க நேரம்? கை தானா சீனி டப்பாவுக்குப் போயிருது.

ஞாயித்துக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்குங்க, ரெண்டு வாரத்துக்குக் கவலை இல்லை. அரைக் கிலோ கருப்பட்டியைத் தட்டி, 250 மி.லி. தண்ணீரில் போட்டு, சிறு தீயில் கரைய விடுங்க. கரைஞ்சதும் இறக்கிப் பத்து நிமிஷம் அசைக்காம வைங்க. மண்ணெல்லாம் அடியில் தங்கிரும். மேலாகத் தெளிவை வேட்டித் துணியில் வடிகட்டுங்க. டீ வடிகட்டி போதாது, பனஞ்சிலாம்பும் நுண்மணலும் அதில் தப்பிரும். வடிச்சதைத் திரும்ப அடுப்பில் ஏத்தி, தளதளன்னு கொதி வந்து அஞ்சு நிமிஷம் ஆனதும் இறக்கி, ஆறவிட்டு, ஈரமில்லாத கண்ணாடி பாட்டிலில் ஊத்தி ஃப்ரிட்ஜில் வைங்க.

ரெண்டு இடத்தில் தப்பு வரும். கெட்டியா இருக்கட்டும்னு கம்பிப் பதம் வரை வத்த விட்டா, குளிரில் அடியில் கற்கண்டு மாதிரிப் படிஞ்சிரும். தண்ணியைக் கூட வச்சிட்டா ஒரு வாரத்திலேயே புளிச்சு நுரை கட்டும். நுரையோ புளிச்ச வாடையோ வந்தா கொட்டிருங்க, திரும்பக் காய்ச்சி ஒப்பேத்த வேண்டாம்.

அளவும் கணக்கில் வரும்: ஒரு மேசைக்கரண்டி (15 மி.லி.) பாகில் சுமார் 13 கிராம் கருப்பட்டி.

வள்ளியூரிலிருந்து: கருப்பட்டிக் காப்பியில் பால் ஊத்தினா திரியுது. பாயசமும் அப்படித்தான். பால் கெட்டதா, கருப்பட்டி கெட்டதா?

ரெண்டும் கெட்டிருக்காது. கருப்பட்டியில் லேசான புளிப்பும் உப்புச் சத்தும் உண்டு. கொதிக்கிற சூட்டில் அது பாலில் பட்டா, பாலிலுள்ள புரதம் திரண்டுரும். பழசாகிக் கசிஞ்ச கருப்பட்டின்னா புளிப்பு கூடுதல், திரியுறதும் கூடுதல்.

அதனால சூட்டைக் குறைக்கிறதுதான் வழி. சிறுபருப்புப் பாயசத்துக்குப் பருப்பு குழைய வெந்ததும் பாகை ஊத்திக் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைச்சு, பாத்திரத்தைத் தொட்டா கை தாங்குற அளவுக்கு ஆற விடுங்க. அதுக்குப் பொறவு, காய்ச்சி ஆறின பாலையோ முதல் தேங்காய்ப்பாலையோ பைய ஊத்திக் கிண்டுங்க. திரும்ப அடுப்பில் ஏத்தவே கூடாது. சந்தேகமா இருந்தா, முதலில் ஒரு கிண்ணத்தில் ரெண்டு கரண்டி பாலோடு ஒரு கரண்டி பாகைச் சேர்த்துப் பார்த்துக்கோங்க. மொத்தப் பாலும் வீணாகாது. சோடா உப்பு ஒரு சிட்டிகை போட்டா திரியாது, நிசந்தான். ஆனா பாயசத்தில் சோப்பு வாடை அடிக்கும்.

காப்பிக்குப் பாலும் பாகும் வெதுவெதுப்பா இருக்கணும். இல்லைன்னா வரக்காப்பியாவே குடிங்க. அதுக்கு அந்த மணத்தில்தான் ருசி. பாலுக்கு இனிப்பு வேணும்னா பனங்கற்கண்டு போடுங்க. கற்கண்டா விளையும்போது புளிப்பும் உப்பும் பெரும்பாலும் அடிக்கூழோட தங்கிரும், அதனால பால் திரியுறது அபூர்வம்.

தச்சநல்லூரிலிருந்து: அத்தைக்கு சுகர் இருக்கு. 'கருப்பட்டி ஒண்ணும் செய்யாது'ன்னு நாளைக்கு மூணு காப்பி குடிக்காங்க.

செய்யும். கருப்பட்டியில் பெரும்பங்கு சீனியில் இருக்கிற அதே சுக்ரோஸ்தான். கொஞ்சம் தாதுச்சத்து கூட இருக்குங்கறதுக்காக ரத்தத்தில் ஏறுற சர்க்கரை நின்னுராது. நாட்டுச் சர்க்கரை, வெல்லம், தேன் எல்லாமே இந்தக் கணக்குதான். சுகர் இல்லாத பெரியவங்களுக்கே, சேர்க்கிற இனிப்பு நாளைக்கு 25 கிராமுக்குள்ள இருந்தா நல்லதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. மூணு காப்பிக்கு ஒவ்வொரு மேசைக்கரண்டி பாகுன்னா 39 கிராம் ஆச்சு. அத்தைக்கு இனிப்பில்லாத சுக்கு மல்லிக் காப்பி போட்டுக் கொடுங்க. மத்ததை அவங்க டாக்டர் சொல்லட்டும்.

திசையன்விளையிலிருந்து: சீனி கலந்த கருப்பட்டியை வீட்டில் கண்டுபிடிக்க முடியுமா?

முழு நிச்சயமா முடியாது, சந்தேகப்பட முடியும். உடைச்ச பக்கம் வெயிலில் மினுக் மினுக்குன்னா யோசிங்க. நல்ல சரக்கின் உடைவு மங்கலா இருக்கும். நாக்கில் வச்சா வெறும் தித்திப்போட நிக்காம, ஒரு கரிப்பும் பதநீர் மணமும் வரும்.

எல்லாத்தையும் விட விலைக் கணக்கு நல்லது. ஒரு கிலோ கருப்பட்டிக்கு எட்டிலிருந்து பத்து லிட்டர் பதநீர் காய்ச்சணும். உங்க ஊரில் பதநீர் லிட்டர் என்ன விலைன்னு கேட்டு எட்டால் பெருக்குங்க. விறகும் கூலியும் சேர்க்காமலே அது வந்து நிக்கிற விலையை விட மலிவா 'அசல் உடன்குடிக் கருப்பட்டி'ன்னு ஒருத்தர் தந்தா, அது எப்படிக் கட்டுப்படியாகும்?

களக்காட்டிலிருந்து: எட்டு மாசக் குழந்தைக்குக் கேப்பைக் கூழில் கருப்பட்டி போடலாமா?

வேண்டாம். ரெண்டு வயசு வரை சேர்த்த இனிப்பே தேவையில்லை. தேன் ஒரு வயசுக்குள்ள தொடவே கூடாது, பொட்டுலிசம்னு ஒரு நச்சு நோய் வர வாய்ப்பிருக்கு. நல்லாக் கனிஞ்ச நாட்டு வாழைப்பழத்தை மசிச்சுக் கூழில் கலந்தா போதும்.

அம்பாசமுத்திரத்திலிருந்து: உளுந்தங்களி கட்டி தட்டுது, இல்லைன்னா பச்சை வாடை அடிக்குது.

கொதிக்கிற பாகில் மாவைத் தூவுறீங்க போல. மேல்மாவு உடனே வெந்து, உள்ளே பச்சை மாவைப் பொதிஞ்சுக்கிடும், அதுதான் கட்டி. தொலி உளுந்து நாலு பங்கு, பச்சரிசி ஒரு பங்கு, தனித்தனியா மணம் வர வறுத்து, நைசாத் திரிச்சுச் சலிச்சு வைங்க. ஒரு கப் மாவுக்கு ரெண்டே கால் கப் தண்ணி, அரை கப் பாகு, எல்லாத்தையும் ஆறின நிலையிலேயே தோசைமாவு மாதிரிக் கரைச்சு, பிறகு அடுப்பில் ஏத்துங்க. அடி கனத்த சட்டி, சிறு தீ, கை ஓயக் கூடாது. கெட்டிப்பட்டதும் கால் கப் நல்லெண்ணெயை மூணு தடவையாப் பிரிச்சு ஊத்துங்க. ஒரேயடியா ஊத்தினா எண்ணெய் தனியே மிதக்கும். பத்து, பன்னிரண்டு நிமிஷத்தில் பளபளன்னு சுருண்டு வரும். ஈரக் கையால் தொட்டுப் பாருங்க: ஒட்டுச்சுன்னா இன்னும் வேகணும்.

இதில் ஆறு உருண்டை வரும், இனிப்பு மட்டாத்தான் இருக்கும். மாவை மட்டும் திரிச்சு வச்சுக்கிட்டா காலையில் கால் மணி நேர வேலை.

மேலப்பாளையத்திலிருந்து: ஸ்கூல் டப்பாவுக்குப் பாகு காய்ச்சாத எள்ளுருண்டை?

கறுப்பு எள் 200 கிராம், படபடன்னு பொரியிறது அடங்குற வரை வறுத்து, முழுசா ஆற விடுங்க. சீவின கருப்பட்டி 130 கிராம், ஏலக்காய் ரெண்டு. முதலில் எள்ளை மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டி, ஒண்ணு ரெண்டா உடைஞ்சதும் கருப்பட்டியைச் சேர்த்து ரெண்டு சுத்து. கையில் பிடிச்சா பிடிபடணும், அத்தோட நிறுத்திருங்க. சூட்டோட அரைச்சாலும், தொடர்ந்து ஓட விட்டாலும் எண்ணெய் கக்கி, உருண்டை கையில் வழுக்கும். இதில் கருப்பட்டியை வடிகட்ட வழியில்லை, அதனால மண் இல்லாத சரக்காப் பார்த்து எடுங்க. சுக்கு போட்ட சில்லுக்கருப்பட்டி கிடைச்சா, ஏலக்காயே வேண்டாம்.

தென்காசியிலிருந்து: ஐப்பசி மழைக்குக் கருப்பட்டி கசிஞ்சு ஒழுகுது. ஃப்ரிட்ஜில் வைக்கலாமா?

வெளியே எடுக்கிற ஒவ்வொரு தடவையும் வேர்க்கும், வைக்காதீங்க. முந்தி அடுப்புக்கு மேல பரணில், புகை படுற இடத்தில் வச்சது ஈரம் அண்டாமலிருக்கத்தான். இப்போ, மழைக்கு முந்தி ஒரு நாள் வெயிலில் காயவச்சு, ஆறினதும் இறுக்கமா மூடுற எவர்சில்வர் டப்பாவில் போடுங்க. அச்சடிச்ச பேப்பரில் பொதிய வேண்டாம், மை ஒட்டும். ஏற்கனவே கசிஞ்சதை முதலில் பாகாக் காய்ச்சித் தீர்த்துருங்க, ஆனா அதைப் பால் பக்கம் கொண்டு போகாதீங்க.