வேலையை விட்டுவிட்டு ஏஐ கடை தொடங்கலாமா?

வணக்கம் நண்பரே. வாடிக்கையாளர் சேவை வேலையை விட்டுவிட்டு, ‘ஏஐயே கடையை நடத்தும், நீங்கள் தூங்கலாம்’ என்கிற பயிற்சிக்கு ரூ.60,000 கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து கட்டாதீர்கள்.

2025-இல் ஆந்த்ரோபிக் என்ற ஏஐ நிறுவனம் தன் சான் பிரான்சிஸ்கோ அலுவலகத்தில் ஒரு சின்னக் கடையைத் தான் உருவாக்கிய கிளாட் என்ற ஏஐயிடமே ஒப்படைத்துப் பார்த்தது. ஒரு குளிர்பதனப் பெட்டி, சில கூடைகள், பணம் செலுத்த ஓர் ஐபேட், அவ்வளவுதான் கடை. சரக்கு தேடுவது, விலை வைப்பது எல்லாம் அதன் பொறுப்பு. ஊழியர் ஒருவர் விளையாட்டாக டங்ஸ்டன் உலோகக் கட்டி கேட்க, அதை வரவழைத்து அடக்கவிலைக்கும் கீழே விற்றது. கேட்டவர்களுக்கெல்லாம் தள்ளுபடி கொடுத்தது. இல்லாத கணக்குக்குப் பணம் அனுப்பச் சொன்னது. அந்த முதல் சோதனை நஷ்டத்தில்தான் முடிந்தது. உருவாக்கியவர்களுக்கே இந்த நிலை!

தவறு நடந்தால் பழி உங்கள் தலையில்தான் விழும். ஏர் கனடா விமான நிறுவனத்தின் சாட்பாட் (வாடிக்கையாளர் கேள்விகளுக்குத் தானே பதில் சொல்லும் மென்பொருள்) கட்டணச் சலுகை பற்றித் தவறாகச் சொன்னதற்கு, 2024-இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத் தீர்ப்பாயம் அந்த நிறுவனத்தையே இழப்பீடு கொடுக்கச் சொன்னது.

அதற்காக உங்கள் வேலை நிலையானது என்று சொல்ல மாட்டேன். திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இயந்திரத்துக்குப் போய்க்கொண்டே இருக்கின்றன. சிக்கலான புகார்களைக் கையாளும் பிரிவுக்கு, அல்லது சாட்பாட் பதில்களைச் சரிபார்க்கும் பிரிவுக்கு, இப்போதே மாற்றம் கேளுங்கள். கடை ஆசை இருந்தால், சம்பளம் வரும்போதே நாலைந்து பொருளோடு தொடங்குங்கள். விலையையும் பணத்தையும் நீங்களே பாருங்கள். அந்தப் பயிற்சிக்காரரிடம் அவர் நடத்தும் கடையின் ஜிஎஸ்டி கணக்கைக் காட்டச் சொல்லுங்கள்.