சேவைத் தலைமை என்றால் என்ன? அறக்கட்டளை தொடங்குபவருக்கு அது ஏன் தேவை?

யாருக்காக உழைக்கிறோமோ, அவர்களின் தேவையை வைத்தே முடிவெடுப்பதுதான் சேவைத் தலைமை. பந்தி பரிமாறுபவரைப் பாருங்கள்: கண் எல்லா இலையிலும் இருக்கும், தன் சாப்பாடு கடைசியில்தான்.

கம்பம், போடி பக்கம் பலர் விடியுமுன் ஜீப் ஏறி இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறார்கள். அவர்கள் பிள்ளைகளுக்கு உதவ நினைப்பவர் பகலில் பெற்றோர் கூட்டம் வைத்தால் யார் வருவார்? எப்போது வீடு திரும்புவீர்கள், என்ன வேண்டும் என்று முதலில் கேட்க வேண்டும். பெயர்ப்பலகை பிறகு.

அறக்கட்டளைப் பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியலாம். அறக்கட்டளைக்குப் பதில் உறுப்பினர்கள் சேர்ந்து நடத்தும் சங்கமாகப் பதிவதென்றால் தமிழ்நாட்டின் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி குறைந்தது 7 பேர் வேண்டும். நான் சங்கத்தையே பரிந்துரைப்பேன். கணக்குக் கேட்க ஆள் இருக்கும்.

பதிவு செய்ததும் நன்கொடைக்கு வரிச்சலுகை தானாக வந்துவிடாது; வருமான வரித் துறையிடம் தனியாக விண்ணப்பித்து ஒப்புதல் பெற வேண்டும்.