பூந்தோட்டமாக இருந்து புல்தரையான இடத்தை மீண்டும் சிறுகச் சிறுகப் பூந்தோட்டமாக்குவது எப்படி?

ஒரு காலத்தில் பூச்செடிகள் நின்ற முன்முற்றம் இப்போது முழுக்கப் புல்தரையாகிவிட்டது என்றும், அதை ஒரே மூச்சில் கொத்திப் புரட்டுவதற்கு நேரமோ ஆளோ இல்லாததால் கொஞ்சம் கொஞ்சமாக மாற்ற முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். முடியும். உங்களுக்கு ஆள்பலம் இருந்திருந்தாலும் நான் கொஞ்சம் கொஞ்சமாகவே செய்யச் சொல்லியிருப்பேன். முதல் முறை ஒரேயடியாகச் செய்து தோற்ற பிறகு, இரண்டாம் முறை பாத்தி பாத்தியாகச் செய்து என் தோட்டத்தைத் திரும்பப் பெற்றவன் நான்.

எங்கள் வீட்டு முற்றம் என் அம்மாவின் பூந்தோட்டமாக இருந்தது. அவருக்கு முழங்கால் வலி வந்து, குனிந்து வேலை செய்ய முடியாமல் போனபோது, பராமரிப்பு எளிதாக இருக்கும் என்று நினைத்து நாங்களே செடிகளை எடுத்துவிட்டுப் புல் பரப்பினோம். பல ஆண்டுகளுக்குப் பிறகு பூச்செடிகளே வேண்டும் என்று மனம் மாறியபோது, இயந்திரக் கலப்பை வைத்து இரண்டு நாளில் முற்றத்தின் பெரும்பகுதியை உழுது போட்டேன். பார்ப்பதற்கு அவ்வளவு அழகான, உதிரியான மண். மூன்றாம் வாரம் அதில் ஓர் அங்குலம்கூடப் பாக்கியில்லாமல் பச்சை விரிந்திருந்தது. பரப்பிய புல் எதுவாக இருந்தாலும், நாள்பட நாள்பட அருகம்புல் தானாக வந்து குடியேறிவிடும். அருகு தரைமேல் ஓடும் தண்டாலும் தரைக்கடியில் ஓடும் தண்டாலும் பரவக்கூடியது, அதன் ஒவ்வொரு கணுவும் தனிச்செடியாகும் தகுதி பெற்றது. அன்று நான் பிடுங்கிப் பார்த்த ஒரு சாண் நீளத் துண்டில் ஏழு கணுக்கள் இருந்தன. அவற்றுள் ஐந்தில் ஊசி முனை போன்ற வெண்குருத்து கிளம்பி, அடியில் நூலிழை வேரும் விட்டிருந்தது. உழவு இயந்திரம் புல்லைக் கொல்லவில்லை, கரும்பு விதைக்கரணை நறுக்குவது போல் நறுக்கி முற்றமெங்கும் நட்டுக் கொடுத்திருக்கிறது என்பது அப்போதுதான் விளங்கியது. இதோடு, ஆழத்தில் இருட்டில் உறங்கிக் கிடந்த களை விதைகளும் உழவால் மேலே வந்து, வெளிச்சம் பட்டு முளைத்தன.

ஆகவே முதலில் முடிவு செய்ய வேண்டியது எந்தச் செடி என்பதன்று, எவ்வளவு இடம் என்பதுதான். வாரத்தில் ஒரு நாள், அரைமணி நேரம் உட்கார்ந்து முழுமையாகக் களை எடுத்து முடிக்கக்கூடிய இடம் எவ்வளவோ அவ்வளவுதான் உங்கள் முதல் பாத்தி. எனக்கு அது 4 அடி அகலமும் 6 அடி நீளமுமாக அமைந்தது. 4 அடிக்கு மேல் அகலம் வேண்டாம். அப்போதுதான் பாத்திக்குள் கால் வைக்காமல் இருபுறமிருந்தும் கை எட்டும், மண்ணும் மிதிபட்டு இறுகாது.

அந்த முதல் பாத்தி எங்கே அமைகிறது என்பது பலரும் நினைத்துப் பார்க்காத, ஆனால் பிற்பாடு உழைப்பைத் தீர்மானிக்கிற விஷயம். புல்தரை நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தீவு போலப் பாத்திகள் போடும் ஆசை எல்லோருக்கும் வரும். கணக்குப் பார்த்தால் அந்த ஆசை விலகிவிடும். 4 அடிக்கு 6 அடி பாத்தியின் சுற்றளவு 20 அடி. அப்படிப் பத்துப் பாத்திகள் தனித்தனியாக இருந்தால், புல் உள்ளே நுழையக்கூடிய எல்லை மொத்தம் 200 அடி. அதே 240 சதுர அடியை 12 அடிக்கு 20 அடியாக ஒரே பாத்தியாக வைத்தால் எல்லை 64 அடிதான். எனவே சுவரோ சிமென்ட் நடைபாதையோ ஏதாவது ஒரு பக்கத்தை அடைத்துக்கொடுக்கும் இடத்தில் தொடங்குங்கள். அடுத்தடுத்த பாத்திகளை முதல் பாத்தியோடு ஒட்டியே விரித்துக்கொண்டு போங்கள். இடையில் நடப்பதற்கு வேண்டிய வழியில் பலகைக் கல்லையோ மரச்சில்லுகளையோ போட்டுக்கொள்ளலாம்.

புல்லோடு தொட்டுக்கொண்டிருக்கும் பக்கங்களில் கரை வெட்ட வேண்டும். தட்டையான மண்வெட்டியால் புல்தரைப் பக்கம் செங்குத்தாக 6 அங்குலம் ஆழத்துக்கு இறக்கி, பாத்திப் பக்கம் சரிவாக மண்ணை வாரி எடுத்தால் ஒரு சிறு வாய்க்கால் கிடைக்கும். பாத்தியை நோக்கி ஓடிவரும் தண்டு அந்த வாய்க்காலில் அந்தரத்தில் நீட்டிக்கொண்டு நிற்கும், பார்த்தவுடன் கத்தரித்துவிடலாம். மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது இந்தக் கரையைச் சுற்றி வாருங்கள். பிளாஸ்டிக் தடுப்புப் பட்டைகளை நானும் புதைத்துப் பார்த்தேன். தரைமட்டத்தோடு அவை நின்றுவிட்டதால் புல் அவற்றின் மேலேறி வந்தது, வந்தது தெரியாமல் நான்தான் ஏமாந்தேன். வெறும் பள்ளம் எல்லாவற்றையும் கண்ணுக்குக் காட்டிக்கொடுக்கிறது.

இனி, தேர்ந்தெடுத்த இடத்திலுள்ள புல்லை எப்படி எடுப்பது என்ற கேள்வி. எனக்கு நல்ல பலன் தந்தது அட்டை மூடாக்கு. புல்லை முடிந்தவரை ஒட்ட வெட்டி, நன்றாகத் தண்ணீர் விட்டு, பளபளப்பும் வண்ண அச்சும் இல்லாத பழுப்பு நிற அட்டைப்பெட்டிகளைப் பிரித்து, ஒட்டுத்தாளையும் கம்பிப் பின்னையும் நீக்கி, ஓர் அட்டை மீது அடுத்தது குறைந்தது 6 அங்குலம் ஏறிப் படியும்படி விரிக்க வேண்டும். புல் தப்பிப்பது பெரும்பாலும் இந்த இணைப்புகளின் வழியாகத்தான். அட்டையை ஊற நனைத்து, அதன்மேல் இலைதழையும் மட்கிய உரமும் சேர்த்து 4 அங்குல உயரத்துக்குப் பரப்புங்கள். நமது 24 சதுர அடிக்கு இது 8 கன அடி, அதாவது ஏறக்குறைய 225 லிட்டர்; முற்றம் முழுவதற்கும் ஒரே நேரத்தில் இவ்வளவைத் திரட்டுவது எவ்வளவு பெரிய வேலை என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம். அட்டை காய்ந்துவிட்டால் தண்ணீரை உள்ளே விடாத கூரையாகிவிடும், ஆகையால் ஈரம் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கரையான் நடமாட்டம் உள்ள இடமானால் வீட்டுச் சுவரை ஒட்டி அட்டை போடாதீர்கள். அந்த ஓரத்தைக் கையாலேயே சுத்தம் செய்வது நல்லது.

மூன்று மாதம் கழித்து நான் ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தேன். அட்டை ஈரத் துணி போலக் கிழிந்து வந்தது. கீழே புல் வைக்கோல் நிறத்தில் மண்ணோடு மண்ணாகப் படிந்திருந்தது. மண்புழுக்கள் கலைந்து ஓடின. முன்பு கடப்பாரை இறங்கத் தயங்கிய தரையில் விரல் நுழைந்தது. ஆனால் வெளுத்துப்போன தண்டுகள் சில, தேக்கி வைத்திருந்த சத்தை உண்டுகொண்டு, வெளிச்சம் தேடி இன்னும் உயிரோடு இருந்தன. இந்தக் கட்டத்தில் பலரும் மண்வெட்டியை எடுப்பார்கள். எடுக்க வேண்டாம். மண்வெட்டி வெட்டும், கவை தூக்கும். பற்கள் உள்ள கவையை இறக்கி மண்ணை மெல்ல நெம்பிக் கொடுத்தால், இளகிய மண்ணிலிருந்து அந்தத் தண்டுகள் முழம் முழமாக அறுபடாமல் வரும். நுனி வரை வந்ததா என்று ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்து எடுத்தேன். எடுத்ததை உரக்குழியில் போடாமல் வெயிலில் சருகாகக் காயவைத்த பிறகே போட வேண்டும்.

கடும் வெயில் காலம் முன்னால் இருக்குமானால் வேறொரு வழியும் உண்டு. மண்ணை நனைத்து, மெல்லிய பாலித்தீன் தாளைத் தரையோடு இழுத்துப் போர்த்தி, ஓரங்களை மண்ணில் புதைத்து 4 முதல் 6 வாரம் விட்டால், அந்தச் சூட்டில் மேல்மண்ணிலுள்ள களை விதைகளும் இளம் தண்டுகளும் வெந்துபோகும். தாள் நிறமற்றதாக இருக்க வேண்டும். கறுப்புத் தாள் தன்னைச் சூடாக்கிக்கொள்ளும், நிறமற்ற தாள் வெயிலை உள்ளே விட்டு மண்ணைச் சூடாக்கும். தாளை எடுத்த பிறகு ஆழமாகக் கிளறினால் வேகாத விதைகள் மேலே வந்துவிடும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். களைக்கொல்லியைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. 24 சதுர அடிக்கு அது தேவையும் இல்லை.

கோரை இருந்தால் மேற்சொன்ன எதுவும் முழுப் பலன் தராது. கோரையின் இலைகள் அட்டையையும் பாலித்தீனையும் குத்திக்கொண்டு மேலே வரும் கூர்மை உடையவை. அதன் கிழங்குகள் மண்ணுக்குள் சங்கிலி போலக் கோத்துக் கிடக்கின்றன. மேலே இலையைப் பிடித்து இழுத்தால் சங்கிலி அறுந்து, அதுவரை உறங்கிய கிழங்குகள் விழித்துக்கொள்ளும். கவையால் கிழங்கோடு தோண்டி எடுப்பதும், முளைத்த சில நாட்களிலேயே மீண்டும் மீண்டும் எடுத்துக் கிழங்கின் இருப்பைக் கரைப்பதும்தான் வழி. நிழலை அது தாங்காது என்பது நமக்குச் சாதகம்; செடிகள் அடர்ந்து மூடிய பாத்தியில் கோரை ஆண்டுக்கு ஆண்டு மெலிந்துகொண்டே போவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இப்போது நடவு. இந்தப் பதிலில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வீர்களானால் அது இதுவாக இருக்கட்டும்: முதல் ஆண்டுப் பாத்தியில் நிலைத்து நிற்கும் செடி எதையும் நடாதீர்கள். எவ்வளவு சுத்தம் செய்தாலும் ஓரிரு கணுக்கள் மண்ணில் மிச்சமிருக்கும். அவை ஒரு செம்பருத்தியின் அடியிலோ மல்லிகைத் தூரிலோ புகுந்து வேரோடு வேராகப் பின்னிக்கொண்டால், செடியையே தோண்டி எடுத்து வேரை அலசினாலொழிய விடுதலை கிடையாது. நான் ஒரு நந்தியாவட்டையை அப்படித்தான் இழந்தேன். மாறாக, ஒரு பருவத்தோடு வாழ்க்கை முடிகிற செடிகளைப் போட்டால், அவற்றின் காலம் முடிந்ததும் பாத்தியை முழுக்கக் காலி செய்து, எஞ்சிய தண்டுகளைத் தேடி எடுக்க இன்னொரு வாய்ப்புக் கிடைக்கிறது. துலுக்கச் சாமந்தி, ஜின்னியா, காஸ்மாஸ், சூரியகாந்தி ஆகியவை ஒரு வாரத்தில் முளைத்து, சுமார் இரண்டு மாதத்தில் பூத்து, அதற்குள் தரையையும் நிழலால் மூடிவிடும். விதைப் பாக்கெட்டில் போட்டிருக்கும் இடைவெளியைவிடச் சற்று நெருக்கமாகவே விதையுங்கள். வெற்று மண் தெரிந்தால் அங்கே புல் வரும். ஓரடுக்கு இதழ் உள்ள வகைகளாகப் பாருங்கள். பல அடுக்காகத் திரண்ட பூக்களில் தேனும் மகரந்தமும் தேனீக்கு எட்டுவதில்லை.

புல்தரைக்குப் பழகிய கை பூப்பாத்திக்கு இரண்டு தவறுகளைச் செய்யும். ஒன்று, தினமும் மேலோட்டமாகத் தண்ணீர் தெளிப்பது. பூச்செடிகளுக்கு இடைவெளி விட்டு, வேர் வரை இறங்குமாறு ஊற்ற வேண்டும். மற்றொன்று, புல்லுக்கு இட்ட தழைச்சத்து மிகுந்த உரத்தையே இடுவது. இட்டால் செடி இலையாகத் தழைக்குமே தவிரப் பூக்காது. வெட்டிய புல்லை மூடாக்காகப் போடலாம், மெல்லிய படலமாகப் போட்டால் அழுகி நாறாது; ஆனால் அந்தப் புல்தரையில் அகன்ற இலைக் களைகளைக் கொல்லும் மருந்து அடித்திருந்தால் அதைப் பூப்பாத்தியின் பக்கமே கொண்டுவரக் கூடாது, ஏனெனில் பூச்செடிகள் பெரும்பாலும் அகன்ற இலைச் செடிகளே.

முதல் பாத்தியில் பூ முதிரும்போதே அதை ஒட்டிய அடுத்த 24 சதுர அடியில் அட்டையை விரித்துவிடுங்கள். காய்ந்த சாமந்தித் தலைகளை உதிர்த்தாலே அடுத்த பாத்திக்கு வேண்டிய விதை கிடைத்துவிடும், வாங்க வேண்டியதில்லை. முழுதாக ஒரு பருவம் அருகு தலைகாட்டாத பாத்தியில்தான் செம்பருத்தி, இட்லிப்பூ, நித்தியகல்யாணி போன்ற நிலைத்த செடிகளுக்கு இடம் கொடுத்தேன். மெதுவாகப் போவதன் இன்னொரு நன்மை இந்த இடைக்காலத்தில்தான் தெரிந்தது: எந்த மூலையில் காலை வெயில் விழுகிறது, எங்கே தண்ணீர் தேங்குகிறது என்பதையெல்லாம் ஓராண்டு பார்த்துவிட்டதால், செடியை நட்டுவிட்டுப் பிறகு பிடுங்கி இடம் மாற்ற வேண்டிய தேவையே வரவில்லை. மூடாக்கு போடும்போது வெயில் படும் ஓரிடத்தில் இரண்டு கையகல மண்ணை மட்டும் திறந்து விடுங்கள். தேனீ இனங்களில் பெரும்பாலானவை கூட்டமாக வாழாமல், தனித்தனியாக மண்ணில் வளை தோண்டி முட்டையிடுபவை.

எனக்கு நான்கு ஆண்டுகளில் முற்றத்தின் முக்கால் பங்கு பூந்தோட்டமாகியது. எஞ்சிய கால் பங்கில் ஒரு கீற்றுப் புல்தரையை அப்படியே வைத்திருக்கிறேன், காரணம் சொல்கிறேன். மூன்றாம் ஆண்டு புல் வெட்டும் இயந்திரம் பழுதாகி ஒரு மாதம் புல் வெட்டாமல் கிடந்தது. ஒரு மழைக்குப் பிறகு அந்தக் கீற்றின் நடுவே இளஞ்சிவப்பாக வரிசையாகப் பதினொரு மழைலில்லிகள் பூத்து நின்றன. அம்மா கரையோரம் நட்டவை. இலை புல்லைப் போலவே இருப்பதால் இத்தனை ஆண்டும் புல்லோடு சேர்த்து நாங்கள் வெட்டிக்கொண்டே இருந்திருக்கிறோம்; கிழங்கு மண்ணுக்குள் பொறுமையாக உயிரைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. அம்மாவைக் கைத்தாங்கலாக அழைத்துவந்து காட்டியபோது, அந்த வரிசை எங்கே தொடங்கி எங்கே முடியும் என்பதை அவர் பார்க்காமலே சொன்னார். உங்கள் இடமும் முன்பு பூந்தோட்டமாக இருந்ததுதானே. அட்டையை விரிப்பதற்கு முன், ஒரு மழைக்காலம் அந்தப் புல்லை வெட்டாமல் விட்டுப் பாருங்கள். ஏதாவது தலைகாட்டினால் அதன் பக்கத்தில் ஒரு குச்சியை நட்டு அடையாளம் வைத்துவிட்டு, அதைச் சுற்றி வேலையைத் தொடங்குங்கள்.