கணக்கு ஒரு பக்கம், மனம் ஒரு பக்கம்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வணக்கம் ஐயா. எனக்கு வயது 46. தங்கச்சிமடத்தில் வசிக்கிறேன். 24 வருடமாக விசைப்படகில் தொழிலுக்குப் போகிறேன். அதில் 15 வருடம் டிரைவராக. முழங்கால் வலி கூடிக்கொண்டே போகிறது. எல்லை தாண்டியதாகப் பிடிபட்டுவிடுவேனோ என்று, நான் கரை திரும்பும்வரை வீட்டில் யாரும் தூங்குவதில்லை. அதனால் கரையிலேயே ஒரு தொழிலுக்கு மாறலாம் என்று நினைக்கிறேன். ஒன்று, மனைவியுடன் சேர்ந்து கடற்பாசி வளர்ப்பது. கொழுந்தியாள் ஏற்கெனவே அதைத்தான் செய்கிறார். மற்றொன்று, படகு என்ஜின் பழுதுபார்க்கும் பட்டறை. கல்லூரியில் படிக்கும் மகள் மதிப்பெண் அட்டவணை போடச் சொல்லிக்கொடுத்தாள். வருமானத்துக்கு 5, உயிர்ப் பாதுகாப்புக்கு 4, உடம்புக்கு 4, போட வேண்டிய முதல் குறைவாக இருப்பதற்கு 3, வீட்டோடு இருப்பதற்கு 3 என்று எடை கொடுத்து, ஒவ்வொரு தொழிலுக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டுப் பெருக்கிக் கூட்டினோம். படகு 94, பாசி 130, பட்டறை 119. ஆனால் என் மனம் பட்டறைப் பக்கமே போகிறது. அட்டவணையை நம்புவதா, மனத்தை நம்புவதா? கையிருப்பு 3,20,000 ரூபாய். மாதச் செலவு 19,000 ரூபாய். உறவினர் ஒருவர் தம் கடை அறையை ஒரு வருடத்துக்கு வாடகை இல்லாமல் தருவதாகச் சொல்கிறார். தாளின் நகலை இணைத்திருக்கிறேன்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், தங்கச்சிமடம்

பதில்: உங்கள் மகள் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட அந்தத் தாளை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். பெருக்கலும் கூட்டலும் சரியாகவே இருக்கின்றன. ஆனால் பட்டறைக்கு உரிய வரியில், ‘முதல்’ என்ற கட்டத்தில் முன்பு ஏழு என்று எழுதி, அதைக் குறுக்கே அடித்துவிட்டு, வேறொரு பேனாவால் மூன்று என்று மாற்றியிருக்கிறீர்கள். அந்த ஏழு அப்படியே இருந்திருந்தால் பட்டறைக்கு 131 வந்திருக்கும். பாசியை அது ஒரு மதிப்பெண்ணில் முந்தியிருக்கும். அட்டவணையின் தீர்ப்பு என்று நீங்கள் எண்ணிக் கலங்குவது அந்த ஒரு கட்டத்தில் செய்த திருத்தத்தின் விளைவு.

எதற்காகத் திருத்தினீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. லேத் முதல் வெல்டிங் வரை எல்லாம் வாங்கிப் போட்ட பெரிய பட்டறையை மனத்தில் வைத்து மூன்று போட்டிருந்தால், உங்களுக்கு இப்போது கிடைக்கக்கூடிய பட்டறை அதுவன்று. வாடகையில்லாத ஓர் அறையும், டிரைவராக இருந்த காலத்தில் நடுக்கடலில் என்ஜின் நின்றபோதெல்லாம் கைகொடுத்த சாவி செட்டும், இன்னும் கொஞ்சம் கருவிகளும் இருந்தால் தொடங்கக்கூடிய சிறிய பட்டறைதான் உங்கள் முன் இருப்பது. அதற்கு மூன்று குறைவு. அல்லது, வீட்டில் யாராவது ‘இருக்கிற பணத்தையும் இரும்பில் போடப் போகிறீர்களா’ என்று கேட்டதற்குப் பிறகு அந்த மூன்று வந்திருந்தால், அது முதலைப் பற்றிய மதிப்பெண்ணே அன்று. வீட்டாரின் அச்சத்துக்குத் தனியாக ஒரு வரி போட்டு, அதற்கு எடையும் கொடுத்துவிடுங்கள்.

இந்த வகைக் கணக்குக்கு இருநூற்றைம்பது ஆண்டு வயது. 1772-இல், இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் தேவாலய ஊழியத்தில் இருந்த விஞ்ஞானி ஜோசப் பிரீஸ்ட்லி, ஷெல்பர்ன் பிரபுவிடம் நூலகராகப் போகலாமா என்று அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளினிடம் யோசனை கேட்டார். பிரீஸ்ட்லிக்கு அப்போது வயது 39. மனைவி மக்கள் உண்டு. பிராங்க்ளின் எழுதிய பதிலில் ‘போ’ என்றும் இல்லை, ‘போகாதே’ என்றும் இல்லை. ஒரு தாளை நடுவே கோடிட்டு, ஒரு பக்கம் சாதகம், மறு பக்கம் பாதகம் என்று வைத்துக்கொண்டு, மூன்று நான்கு நாட்கள் அவ்வப்போது தோன்றுவதையெல்லாம் குறித்து, எடை சமமாக இருப்பவற்றை இரு பக்கத்திலும் அடித்துவிட்டு, மிச்சம் எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்க்கச் சொன்னார். பிரீஸ்ட்லி அடுத்த ஆண்டு அந்த வேலைக்குப் போனார். நாம் பிராங்க்ளினிடமிருந்து கோடு போடுவதைக் கற்றுக்கொண்டோம். அந்த மூன்று நான்கு நாட்களை விட்டுவிட்டோம். உங்கள் தாளிலும் ஒரே தேதிதான் இருக்கிறது.

இன்னொரு கட்டத்தையும் பாருங்கள். பாசியின் வருமானத்துக்கு ஆறு போட்டிருக்கிறீர்கள். மூங்கில் மிதவையில் ஏறத்தாழ 60 கிலோ விதைப்பாசியைக் கட்டிவிட்டால் 45 நாளில் அறுவடை என்பது உண்மைதான். ஆனால் அறுத்ததில் அடுத்த முறைக்கான விதையை எடுத்துவைத்தாக வேண்டும். மிஞ்சிய பச்சைப் பாசி பத்துக் கிலோ காய்ந்தால் ஒரு கிலோ அளவுக்குத்தான் நிற்கும். வாடைக்காற்று தொடங்கிவிட்டால் வடகடலில் (பாக் நீரிணைப் பக்கம்) மிதவை நிற்காது. அந்த மூன்று மாதத்தைக் கழித்தால் மிஞ்சும் 275 நாளில் ஆறு அறுவடைக்குத்தான் இடம் உண்டு. அதிலும் கோடை வெப்பத்தில் பாசி வெளுத்து உதிர்வதும், ஓரா மீன் கூட்டம் வந்து மேய்ந்துவிட்டுப் போவதும் உண்டு. கொழுந்தியாள் உங்களிடம் சொன்னது எந்த மாதத்து வருமானம் என்று கேளுங்கள். வாய்க்கணக்கு வேண்டாம், பன்னிரண்டு மாத விற்பனைச் சீட்டுகளையும் வாங்கிப் பாருங்கள். ஆறு என்பது நான்காக இறங்கினால் பாசிக்கு 120 ஆகிவிடும்.

ஆக, பாசி 120-க்கும் 130-க்கும் இடையில், பட்டறை 119-க்கும் 131-க்கும் இடையில். இவ்வளவு நெருக்கமாக நிற்கும் இரண்டில் எது பெரியது என்று கூட்டல் சொல்லாது. ஆனால் அதே தாள் வேறொன்றை ஐயமில்லாமல் சொல்கிறது. படகின் வருமானத்துக்குப் பத்துக்குப் பத்தே கொடுத்தாலும் அதன் மொத்தம் 109-ஐத் தாண்டவில்லை. நீங்கள் கொடுத்த ஏழுகூடத் தாராளம் என்பேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம் 61 நாள் போக, மிஞ்சும் 304 நாளில் வாரத்துக்கு மூன்று நாள் என்றால், ஒரு நாள்கூடத் தவறாமல் போனாலும் 130 நாள்தான் தொழில்; புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறும் நாட்களும் வேலைநிறுத்த நாட்களும் அதிலிருந்து கழியும். கரைக்கு வருவது என்ற முடிவை நீங்கள் எடுத்துவிட்டீர்கள். எந்தத் தொழிலுக்கு என்பதுதான் பாக்கி.

கூட்டல் அட்டவணையில் எனக்குள்ள மனக்குறை ஒன்றுண்டு. ஒரு கட்டத்தின் குறையை இன்னொரு கட்டம் ஈடுகட்டிவிடும். வீட்டில் அரிசி இல்லாததைப் பாதுகாப்புக்குப் போட்ட எட்டு மதிப்பெண் ஈடுகட்டுமா? பொருளியலுக்கான நோபல் பரிசை 1978-இல் பெற்ற ஹெர்பர்ட் சைமன், மனிதர்கள் ஆகச் சிறந்ததைத் தேடி அலைவதைவிட, ‘இதற்குக் கீழே போகக் கூடாது’ என்று ஓர் அளவை வகுத்துக்கொண்டு, அதை எட்டுகிற ஒன்றை ஏற்பதே நடைமுறை என்று விளக்கினார். அந்த அளவை மதிப்பெண் போடுவதற்கு முன்பே எழுதிவைக்க வேண்டும். உங்கள் கணக்கில் ஆறு மாத வீட்டுச் செலவு 1,14,000 ரூபாய். அதைத் தனியாக வங்கியில் போட்டுவிடுங்கள். மிச்சம் இருக்கும் 2,06,000 ரூபாய்க்குள் தொடங்க முடியாத எந்தத் தொழிலும், எத்தனை மதிப்பெண் வாங்கியிருந்தாலும், தாளிலிருந்து வெளியேற வேண்டும். மத்திய அரசின் மீன்வளத் திட்டமான பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் மானியம் பெண்களுக்கு 60 சதவீதம், பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதம் என்பதால், பாசிக்கான விண்ணப்பத்தை மனைவியின் பெயரில் கொடுப்பது நல்லது. ஆனால் கைக்கு வரும்வரை அந்த மானியத்தைக் கையிருப்பாக எழுதாதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பாசியும் பட்டறையும் ஒன்றுக்கொன்று போட்டி என்று உங்களை எண்ணவைத்தது அட்டவணைதான். மனைவி தம் தங்கையோடு சேர்ந்து பத்து மிதவை போட, நீங்கள் பட்டறையைத் திறக்கலாம் என்ற நான்காவது வரி அதில் இல்லவே இல்லை. எனக்கு அந்த வரிதான் சரி என்று படுகிறது. அதிலும் ஒரு பலவீனம் உண்டு: வாடைக்காலத்தில் மிதவையும் ஓடாது, படகு அதிகம் ஓடாததால் என்ஜினும் அதிகம் பழுதாகாது. அந்த மூன்று மாதத்துக்கு 57,000 ரூபாய் மற்ற மாதங்களிலிருந்து சேர்ந்தாக வேண்டும்.

வரும் தடைக்காலத்தை இதற்கான சோதனையாக வைத்துக்கொள்ளுங்கள். 61 நாளில் 45 நாள் அறுவடை ஒன்று முழுதாக அடங்கும். படகுகளைக் கரையேற்றி என்ஜினைப் பிரிக்கும் காலமும் அதுவே என்பதால் பட்டறைக்கும் வேலை வரும். தொழில் நின்றிருக்கும் நாட்கள்தானே, சோதித்துப் பார்ப்பதால் உங்களுக்குப் படகு வருமானம் குறையப் போவதில்லை. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: அந்த இரண்டு மாதம் பட்டறைக்கு நல்ல காலம், பாசிக்கு வெயில் காலம். எனவே பட்டறையை, ஜூன் 15-க்குப் பிறகு எத்தனை பேர் தேடி வருகிறார்கள் என்பதை வைத்தும், பாசியை, கொழுந்தியாளின் ஆண்டுக் கணக்கை வைத்தும் எடைபோடுங்கள்.

மனத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பதினைந்து வருடம் என்ஜின் சத்தத்தை வைத்தே கோளாறு எங்கே என்று சொன்னவருடைய மனம், வெறும் ஆசையால் மட்டும் பட்டறையின் பக்கம் சாய்ந்திருக்காது. அது அனுபவத்தின் கணக்கும்தான். அட்டவணையில் ‘எனக்குத் தெரிந்த வேலை’ என்று ஒரு வரி இல்லாததால் அது வெளியே நின்று குரல் கொடுக்கிறது. அந்த வரியைச் சேர்த்துவிட்டு மறுபடி கூட்டிப் பாருங்கள்.

கேள்வி: என் கணவர் வளைகுடாவில் 19 வருடம் வேலை பார்த்துவிட்டு, இந்த ஆண்டோடு திரும்பி வருகிறார். இராமநாதபுரத்தில் ஹார்டுவேர் கடை வைக்க வேண்டும் என்று கணக்கெல்லாம் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். எல்லா வரியிலும் கடைக்கே மதிப்பெண் அதிகம். ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டு அதற்கேற்பக் கணக்குப் போட்டது போலத் தெரிகிறது. நான் வீட்டில் தையல் வேலை செய்கிறேன்; வியாபாரம் தெரியாது. எப்படிச் சொல்வது?
– ஒரு வாசகி, கீழக்கரை

பதில்: உங்கள் சந்தேகம் நியாயமானதே, அம்மா. எல்லா வரியிலும் ஒன்றே ஜெயிக்கிற தாளை நானும் நம்ப மாட்டேன். எந்தத் தொழிலுக்கும் ஒரு வரியிலாவது அடி விழ வேண்டும். ஆனால் அவருடைய மதிப்பெண்களைப் பற்றி வாதாடினால், சரக்கு விலையும் லாப விகிதமும் தெரிந்தவர் அவர் என்பதால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். அதைவிட, எடையைப் பற்றிப் பேசுங்கள். அவருடைய தாளைப் பார்க்காமல், உங்கள் வீட்டுக்கு எது எவ்வளவு முக்கியம் என்று நீங்கள் தனியாக நூறு புளியங்கொட்டையை எடுத்துப் பங்கிட்டு வையுங்கள்: பிள்ளைகளின் படிப்புக்கு இத்தனை, கடன் இல்லாமல் இருப்பதற்கு இத்தனை, அவர் தினமும் வீட்டுக்கு வருவதற்கு இத்தனை என்று. அவரையும் தொலைபேசியில் அதே வரிகளுக்கு நூறைப் பங்கிடச் சொல்லுங்கள். இதற்கு வியாபாரம் தெரிந்திருக்கத் தேவையில்லை. 19 வருடம் அவர் இல்லாத வீட்டை நடத்தியவர் நீங்கள். உங்கள் எண்ணிக்கை அவருடையதற்கு எந்த வகையிலும் குறைந்ததன்று. எந்த வரியில் உங்கள் இருவருக்கும் வித்தியாசம் பெரிதோ, அதைப் பற்றி மட்டும் முதலில் பேசுங்கள்.

அதன் பிறகும் கடைதான் என்று முடிவானால், திறப்பதற்கு முன்பே ஒரு நிபந்தனையை எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். எத்தனை மாதத்துக்குள் கடை தன் வாடகையையும் ஆள் சம்பளத்தையும் தானே ஈட்ட வேண்டும், சேமிப்பில் எந்த எல்லைக்குக் கீழே கைவைக்கக் கூடாது என்ற இரண்டு எண்களும் அதில் இருக்க வேண்டும். கடையைத் திறந்த பிறகு இந்தப் பேச்சை எடுத்தால் அபசகுனம் பேசுவதாகத் தோன்றும். அதனால் அவர் விமானம் ஏறுவதற்கு முன்பே எழுதிவிடுங்கள்.

கேள்வி: வயது 52. விருப்ப ஓய்வு பெற்றுத் தென்னந்தோப்பைப் பார்த்துக்கொள்வது என்று அட்டவணை போட்டு முடிவெடுத்துவிட்டேன். ஆனால் தினமும் இரவில் மறுபடியும் கணக்குப் போடுகிறேன். ஒவ்வொரு முறையும் விடை கொஞ்சம் மாறுகிறது. என்ன செய்வது?
– ஓர் ஆசிரியர், தொண்டி

பதில்: விடை மாறுவதற்குக் காரணம் தகவல் மாறியது அன்று, அன்றைய மனநிலை மாறியதுதான். தாளின் அடியில், எவையெல்லாம் மாறினால் கணக்கைத் திரும்பத் திறப்பீர்கள் என்று மூன்றே மூன்று விஷயங்களை எழுதுங்கள்: ஓய்வூதியத் தொகை, கிணற்று நீரின் உப்பு, வீட்டில் ஒருவரின் உடல்நிலை என்பது போல. இம்மூன்றில் ஒன்று மாறாதவரை தாள் பீரோவிலேயே இருக்கட்டும். சாவியை வீட்டில் வேறு யாரிடமாவது கொடுத்துவைத்தால் இன்னும் நல்லது.