அம்மா முகத்தில் துண்டு எதற்கு?

கேள்வி: சிங்கப்பூர் ஈசூனில் மூவறை வீட்டில் இருக்கிறோம். ஹாலில் இரண்டடிக் கடல்நீர்த் தொட்டி வைத்து எட்டு மாதமாகிறது. உள்ளே மஷ்ரூம், ஸோவா, ஹேமர் என்று மூன்று வகைப் பவளங்கள். தொட்டியோடு வந்த எல்இடி பட்டை போதவில்லை போலிருக்கிறது. மஷ்ரூம்கள் மேல்நோக்கி எம்புகின்றன, ஹேமர் சரியாக விரிவதில்லை. 165 வாட் பெட்டி விளக்கு 120 வெள்ளிக்குக் கிடைக்கிறது. பெயர்பெற்ற கம்பெனியுடையது 400 வெள்ளி. எதை வாங்கலாம்? வேலை முடிந்து வர எட்டு மணியாகிவிடும் என்பதால் இரவு எட்டு முதல் ஒரு மணி வரை விளக்கு எரியும். ஹாலில் படுக்கும் அம்மா முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்கிவிடுவார், அதனால் சிக்கல் இல்லை. பகலில் மீனுக்குத் தீனி போடுவதும் அவர்தான்.

பதில்: தம்பி, விளக்குக்கு வருகிறேன். முதலில் அந்தத் துண்டைப் பற்றிப் பேசிவிடுவோம்.

‘சிக்கல் இல்லை’ என்கிறீர்களே, யாருக்குச் சிக்கல் இல்லை? பிள்ளை நாளெல்லாம் உழைத்துவிட்டு வந்து ஆசையாகப் பார்க்கிறான், அதை ஏன் கெடுப்பானேன் என்று வாயைத் திறக்காமல் படுத்துக்கொள்கிறார். இரண்டு படுக்கையறையில் ஒன்று உங்களுக்கு, ஒன்று பிள்ளைகளுக்கு என்று நினைக்கிறேன். அப்படியானால் அந்த ஹால்தான் உங்கள் அம்மாவின் படுக்கையறை. உங்கள் அறையில் ராத்திரி ஒரு மணி வரை யாராவது விளக்கைப் போட்டு வைத்தால் பொறுத்துக்கொள்வீர்களா? பெற்றவள் கேட்கமாட்டாள் என்பதற்காக அவள் தூக்கத்தை எடுத்துக்கொள்ள நமக்கு உரிமை கிடையாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

அது சாதாரண வெளிச்சமும் இல்லை. பவளத்தின் உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசிதான் அதற்குச் சோறு போடுகிறது. அந்தப் பாசிக்கு மிகவும் பிடித்தது 450 நானோமீட்டரை ஒட்டிய நீலம். அதற்கு அடுத்தாற்போல் 480 நானோமீட்டர் பக்கம் இருக்கும் நீலத்தைத்தான் நம் கண் ‘பகல்’ என்று மூளைக்குச் சொல்கிறது. தூக்கத்துக்கான மெலடோனின் சுரப்பை எல்லா நிறத்தையும்விட அதிகமாக அடக்குவது இந்த நீல ஒளி. வயதானவருக்குத் தூக்கமே குறைவு. அந்தக் கொஞ்சத்தையும் பறிக்கும் நிறத்தை அவர் தலைமாட்டில் எரியவிடுகிறீர்கள்.

பவளமாவது செழித்ததா என்றால் அதுவும் இல்லை. ஐந்து மணி நேரம் அதற்குப் போதாது, எட்டிலிருந்து பத்து மணி நேரம் வேண்டும். மஷ்ரூம் எம்புவது ஒளிப்பசியின் அடையாளம். உங்கள் பட்டை விளக்கு மங்கல்தான், மறுக்கவில்லை. ஆனால் பாதிக் குறை நேரத்தில் இருக்கிறது.

சரி, விளக்கு. 120 வெள்ளிப் பெட்டியே போதும். பாசிக்குப் பயன்படும் ஒளியின் அளவைப் பிஏஆர் என்பார்கள். மஷ்ரூமும் ஸோவாவும் பிஏஆர் 50 முதல் 100 வரை இருந்தாலே வளரும். ஹேமருக்கு 80 முதல் 150. அக்ரோபோரா என்ற கிளைப்பவள வகைக்குத்தான் 200, 300 என்று வேண்டும். அந்த ஆசை இப்போது வேண்டாம். ‘165 வாட்’ என்பது உள்ளிருக்கும் எல்இடிகளின் பெயரளவுக் கூட்டல். முழுதாக எரித்தாலும் இழுப்பது 110, 120 வாட்தான். உங்கள் தொட்டிக்குப் பாதியே அதிகம். 60 வாட்டில் ஒன்பது மணி நேரம் என்றால் மாதம் 16 யூனிட், ஏறக்குறைய ஐந்து வெள்ளி. நீலத்துக்கும் வெள்ளைக்கும் தனித்தனிக் கட்டுப்பாடு இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். அடாப்டரில் சிங்கப்பூரின் பாதுகாப்பு முத்திரை இல்லாவிட்டால் எவ்வளவு மலிவானாலும் தொடாதீர்கள். கீழே உப்புத் தண்ணீர், பக்கத்தில் படுக்கை. வயரை பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டுத்தான் செருக வேண்டும், வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

நீர்மட்டத்துக்கு ஓரடி மேலே மாட்டுங்கள். நீலம் 30 சதவீதம், வெள்ளை 10 சதவீதத்தில் தொடங்கி, வாரத்துக்கு ஐந்து சதவீதமாக ஏற்றுங்கள். நேரத்தையும் அப்படியே மெல்ல நீட்டுங்கள். மங்கலில் பழகிய பவளத்துக்கு ஒரே நாளில் வெளிச்சத்தைக் கொட்டினால் உள்ளிருக்கும் பாசியைத் துப்பிவிட்டு வெளுத்துப்போகும். கடிதம் எழுதுகிறவர்களில் பாதிப்பேர் விளக்கு வாங்கிய மறுவாரம் எழுதுவது இதைப் பற்றித்தான். ஹேமர் மறுபடி நன்றாக விரிய ஆரம்பித்தால் அந்த அளவிலேயே நிறுத்திவிடுங்கள்.

பகலில் எரித்தால் தண்ணீர் சூடாகுமே என்பீர்கள். ஆகும். ஏசி இல்லாத ஹாலில் 29, 30 டிகிரிக்கு எளிதாகப் போய்விடும், பவளத்துக்கு 25 முதல் 27 நல்லது. நீர்ப்பரப்பின் மேல் ஒரு சின்ன மின்விசிறி வைத்தால் இரண்டு டிகிரியாவது இறங்கும். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே இருக்கும். ஆகவே குறைந்ததை உப்புக் கலக்காத ஆர்ஓ நீரால் தினமும் நிரப்புங்கள். கம்பெனி விளக்கு வாங்காமல் மிச்சமாகும் 280 வெள்ளியில் விசிறிக்கு எடுத்ததுபோக மீதியை வைத்திருங்கள், ஒருநாள் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் தேவைப்படலாம்.

அப்புறம், கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதினீர்களே, தீனி போடுவது அம்மாதான் என்று. பகல் முழுக்க அந்தத் தொட்டிக்கு எதிரே உட்கார்ந்திருப்பவரும் அவர்தானே? அவர் விழித்திருக்கும்போது தொட்டி இருட்டாக இருக்கிறது, அவர் தூங்க வேண்டிய நேரத்தில் எரிகிறது. எட்டு மாதமாக மீனுக்குச் சோறு போடுகிறவர் அந்த ஸோவாவின் நிறத்தை ஒருநாளாவது நிம்மதியாகப் பார்த்திருப்பாரா?

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம், எத்தனை மணிக்குப் படுப்பீர்கள் என்று கேளுங்கள். ஒன்பதரை என்றால் எட்டரைக்கு விளக்கு அணைய வேண்டும். அங்கிருந்து பின்னோக்கி ஒன்பது மணி நேரம் எண்ணிக்கொள்ளுங்கள், பதினொன்றரைக்கு எரிய வேண்டும். ‘மூன்லைட்’ என்று ராத்திரி முழுக்க எரியும் நீலத்தையும் அணைத்துவிடுங்கள், மீனுக்கும் இருட்டு வேண்டும். உங்களுக்குத் தினமும் அரை மணி கிடைக்கும், விடுமுறை நாளில் பகல் முழுக்கக் கிடைக்கும். பகலில் நீங்கள் வீட்டில் இல்லாததால், நேரத்துக்கு விளக்கைத் தானே போட்டு அணைக்கும் டைமர் வேண்டும். புது விளக்கு இரண்டு பிளக் உள்ள பெட்டி என்றால் டைமரும் இரண்டு வேண்டும். முதல் டைமரை இந்த வாரமே வாங்கி இப்போதிருக்கும் பட்டையில் மாட்டுங்கள். புது விளக்கு அடுத்த சம்பளம் வரை காத்திருக்கட்டும்.