முன்னனுபவம் இல்லாமல் கடல் எண்ணெய் ரிக்கில் வேலைக்குச் சேர முடியுமா?

முன்னனுபவம் எதுவும் இல்லாத ஒருவர் ஆப்ஷோர் ரிக் (கடலில் எண்ணெய்க் கிணறு தோண்டும் மேடை) வேலைக்கு எங்கிருந்து தொடங்க வேண்டும் என்றும், பாசியட் என்னும் கடல் பணிக்கான அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் கையில் இருந்தால் வேலை கிடைத்துவிடுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ரிக்குகளில் மெக்கானிக்காகப் பணியாற்றியவன் என்ற முறையில் சொல்கிறேன்: கிடைத்துவிடாது. அந்தச் சான்றிதழ் இருந்தால் ரிக்குக்குப் போகும் ஹெலிகாப்டரில் ஏற விடுவார்கள், அவ்வளவுதான். வேலையைப் பெற்றுத் தருவது நீங்கள் கற்று வைத்திருக்கும் தொழில்.

ஆட்களை யார் எடுக்கிறார்கள் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். எண்ணெய் வயலின் உரிமம் பெற்ற நிறுவனம் பெரும்பாலும் சொந்தமாக ரிக் வைத்திருப்பதில்லை. டிரான்ஸோஷன், நோபிள், வலாரிஸ், சீட்ரில் போன்ற துரப்பண (கிணறு தோண்டும்) நிறுவனங்களிடமிருந்து ரிக்கையும் அதை இயக்கும் ஆட்களையும் நாள் வாடகைக்கு எடுத்துக்கொள்கிறது. கிணற்றுக்குள் சிமென்ட் இறக்குவது, தோண்டும்போது கிணற்றுக்குள் செலுத்தும் துரப்பணச் சேற்றின் அடர்த்தியைப் பராமரிப்பது, பாறை அடுக்குகளை அளவிடுவது ஆகியவற்றுக்கு ஹாலிபர்ட்டன், பேக்கர் ஹியூஸ் போன்ற சேவை நிறுவனங்களின் ஆட்கள் வருவார்கள். சமையலும் துப்புரவும் வேறொரு ஒப்பந்ததாரரிடம் இருக்கும். ஆகவே பெரிய எண்ணெய் நிறுவனத்தின் பெயரை மட்டும் பார்த்து விண்ணப்பித்துக்கொண்டிருப்பவர், ஆள் எடுக்கும் இடங்களில் பெரும்பாலானவற்றைத் தவற விட்டுவிடுகிறார்.

அனுபவம் இல்லாதவருக்குத் துரப்பணப் பிரிவில் உள்ள வழக்கமான நுழைவாயில் ரவுஸ்டபவுட் என்னும் தளத் தொழிலாளி வேலை. சரக்குக் கப்பல் ரிக்கின் பக்கத்தில் வந்து நிற்கும்போது கிரேன் தூக்கும் கன்டெய்னரின் கொக்கியை மாட்டிக் கழற்றுவது, தொங்கும் சுமை சுழலாமல் அதில் கட்டிய கயிற்றைப் பிடித்து நிறுத்துவது, மற்ற நேரங்களில் தளத்தைக் கழுவுவது, துருவைச் சுரண்டிப் பெயின்ட் அடிப்பது என்று நாள் ஓடும். சுமைக்கு அடியில் எக்காரணம் கொண்டும் நிற்காமலும், கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாமலும் இருக்கிறாரா என்பதைத்தான் புதியவரிடம் மேற்பார்வையாளர் முதலில் கவனிப்பார். அங்கிருந்து ரஃப்நெக் (துரப்பணத் தளத் தொழிலாளி), டெரிக்மேன் (துரப்பணக் கோபுரத்தின் மேல் நின்று குழாய்களைக் கையாளுபவர்), உதவி டிரில்லர், டிரில்லர் (துரப்பண இயந்திரத்தை இயக்குபவர்), டூல்புஷர் (துரப்பணப் பணி முழுவதற்கும் மேற்பார்வையாளர்) என்று படிப்படியாக ஏறலாம். ரஃப்நெக் நிற்கும் துரப்பணத் தளத்தில், ஏறத்தாழ 30 அடி நீளமுள்ள குழாய்களை ஒன்றோடொன்று முறுக்கிக் கிணற்றுக்குள் இறக்குவார்கள். புதிய ரிக்குகளில் முறுக்கும் வேலையை இயந்திரமே செய்துவிடுகிறது. எனவே தசை பலம் மட்டும் உள்ளவருக்கு இருந்த இடம் முன்பைவிடக் குறைந்திருக்கிறது.

இந்த நுழைவாயிலில் கூட்டம் மிக அதிகம் என்பதால், வெல்டிங், ஹைட்ராலிக்ஸ், மின்பணி, டீசல் எஞ்சின், கிரேன் இயக்கம் ஆகியவற்றில் ஒன்றைக் கப்பல் கட்டும் தளத்திலோ நிலத்தில் உள்ள ரிக்கிலோ இரண்டு மூன்று ஆண்டுகள் செய்துவிட்டு வருவதையே நான் பரிந்துரைப்பேன். பம்ப் ஒன்றைப் பிரித்துச் சரியாகப் பூட்டத் தெரிந்தவரின் விண்ணப்பத்தை யாரும் எளிதில் ஒதுக்கிவிட மாட்டார்கள்.

பாசியட் என்பது, கடல் எண்ணெய்த் துறைக்கான பயிற்சித் தரங்களை வகுக்கும் ஓபிட்டோ அமைப்பின் தரத்தில் நடக்கும் மூன்று நாள் பயிற்சி. நான்கு ஆண்டுகள் செல்லும். வெப்பமண்டலக் கடல்களுக்கு டி-பாசியட் என்று தனியாக ஒன்று உண்டு. வட கடல் போன்ற குளிர்நீர்ப் பகுதிகளில் அது செல்லாது. தீயணைப்பு, முதலுதவி ஆகியவற்றோடு, ஹெலிகாப்டர் போன்ற ஒரு கூண்டில் உங்களைப் பெல்ட் போட்டு உட்கார வைத்து, நீச்சல் குளத்தில் இறக்கித் தலைகீழாகக் கவிழ்ப்பார்கள். ஒரு கையால் ஜன்னல் விளிம்பைப் பிடித்தபடி, சுழற்சி நின்ற பிறகே பெல்ட்டைக் கழற்ற வேண்டும்; முன்பே கழற்றினால் எந்தப் பக்கம் வெளியேறுவது என்ற திசையே தெரியாமல் போய்விடும். மூக்கில் தண்ணீர் ஏறத்தான் செய்யும். வேலை உறுதியான பின் பல நிறுவனங்கள் தம் செலவிலேயே இந்தப் பயிற்சிக்கு அனுப்புகின்றன என்பதால், அதற்காக முன்கூட்டியே கடன் வாங்காதீர்கள்.

சேர்ந்தவுடன் அலுப்பூட்டும் ஒன்று வேலை அனுமதிச் சீட்டு முறை, அதாவது ஆபத்தான எந்த வேலையையும் எழுத்துப்பூர்வ அனுமதி பெற்றே தொடங்குவது. அதன் அருமை தெரிய 1988 ஜூலை 6 அன்று வட கடலில் பைப்பர் ஆல்ஃபா மேடையில் நடந்ததைப் படித்துப் பாருங்கள். பராமரிப்புக்காகப் பாதுகாப்பு வால்வு கழற்றப்பட்டிருந்த ஒரு பம்பை, அந்தச் செய்தி சரியாகக் கைமாறாததால், இரவு ஷிப்டில் இயக்கினார்கள். கசிந்த வாயு தீப்பிடித்து 167 பேர் இறந்தார்கள். ஷிப்ட் மாறும்போது வாயால் சொன்னது போதாது, எழுதிக் கையொப்பமிட வேண்டும் என்று நாங்கள் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.

நாளுக்கு 12 மணி நேர வேலை. 14 நாள் கடலில், 14 நாள் வீட்டில், அல்லது 28-க்கு 28 என்ற சுழற்சி பரவலாக உண்டு. மதுவுக்கு இடமே இல்லை. குடும்பத்தில் நல்லது கெட்டது நடக்கும்போது உடனே கிளம்ப முடியாது என்பதை வீட்டில் முன்பே பேசிவிடுங்கள். இந்த வேலை எண்ணெய் விலையோடு கட்டுண்டது என்பதும் நினைவிருக்கட்டும்: 2014-இன் நடுவில் பீப்பாய்க்கு 100 டாலருக்கு மேல் இருந்த விலை 2016 ஜனவரியில் 30 டாலருக்குக் கீழே இறங்கியபோது, ஏராளமான ரிக்குகள் வேலையின்றி நிறுத்தப்பட்டன, திறமையானவர்களும் வேலை இழந்தார்கள். கரையிலும் செல்லுபடியாகும் தொழிலைக் கற்கச் சொல்வதற்கு இது இன்னொரு காரணம்.

விசாவுக்கோ மருத்துவப் பரிசோதனைக்கோ முன்பணம் கேட்டு, பெரிய நிறுவனத்தின் பெயரில் வேலை நியமனக் கடிதம் அனுப்புபவர்கள் மோசடிக்காரர்கள். பதில் கூட அனுப்ப வேண்டாம். உண்மையான அழைப்பு வந்தால், கையொப்பமிடும் முன் நான்கு விஷயங்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: வீட்டில் இருக்கும் நாட்களுக்கும் சம்பளம் உண்டா அல்லது கடலில் இருக்கும் நாட்களுக்கு மட்டுமா, ரிக்குக்குப் போய்வரும் பயணச் செலவு யாருடையது, காலாவதியாகும் சான்றிதழ்களைப் புதுப்பிப்பது யார் பொறுப்பு, காயம்பட்டால் கரைக்குக் கொண்டுவந்து சிகிச்சை அளிக்கும் காப்பீடு முதல் நாளிலிருந்தே அமலுக்கு வருமா.