சின்ன விஷயத்துக்குக்கூட நான்கு பேர் முன்னால் வாய் திறக்கப் பயமாக இருக்கிறது. இதை எப்படித் தாண்டுவது?

‘கடையில் மீதிச் சில்லறை தராவிட்டால்கூடக் கேட்காமல் வந்துவிடுகிறேன். இதெல்லாம் ஒரு பயமா என்று வீட்டில் சிரிக்கிறார்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். பயம்தான். சிரிக்கிறவர்களுக்கு அது எவ்வளவு கனம் என்று தெரியாது. எனக்குத் தெரியும்.

எங்கள் ஊர் மதுரை – மேலூர் சாலையில், ஒத்தக்கடையைத் தாண்டி உள்ளடங்கி இருக்கிறது. சாலையில் இருப்பது ஊருக்குப் பிரியும் விலக்கு மட்டும்தான். யாராவது குரல் கொடுத்தால்தான் பஸ் அங்கே நிற்கும். இருபத்திரண்டு வயதில் விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தேன். இரவு கடைசாத்திவிட்டுப் பஸ் ஏறுவேன். ஒத்தக்கடை வந்ததுமே நெஞ்சு படபடக்கத் தொடங்கும். ‘விலக்கில் இறங்க வேண்டும்’ என்று சொன்னால் போதும். ஆனால் பஸ்ஸே திரும்பிப் பார்க்கும், குரல் பிசிறும், ‘ஏறும்போதே சொல்லக் கூடாதா’ என்று கண்டக்டர் எரிந்து விழுவார்... இதையெல்லாம் நினைத்து முடிப்பதற்குள் விலக்குப் புளியமரம் ஜன்னலில் வந்து போய்விடும். ஊர்க்காரர் யாராவது உடன் வந்தால் தப்பித்தேன். இல்லாத நாட்களில் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, இருட்டில் யானைமலையைப் பார்த்தபடி திரும்பி நடப்பேன். லாரிகள் உரசிக்கொண்டு போகும் சாலை அது.

நடையோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. முதலாளி என்னை விற்பனைக்கு நிற்கச் சொன்னபோது ‘குடோனே போதும்’ என்று சொல்லிவிட்டு இரண்டு வருடம் மூட்டை பிரித்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் சம்பளம் கூடிப் போனார்கள். பயம் என்று வெளியில் சொல்லவும் பயம்.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் வியாபாரம் முடித்து, காலிக் கூடையோடு அதே பஸ்ஸில் ஏறுவார் ஒரு வயதான அம்மா. ஒருநாள் என் கையிலிருந்த டிக்கெட்டைப் பார்த்துவிட்டார். மூன்று ரூபாய் பாக்கி என்று பின்புறம் கண்டக்டர் எழுதியிருந்தார். “வாங்கவில்லையா ராசா?” என்றார். “இருக்கட்டும் அப்பத்தா” என்றேன். “எதற்கு இருக்க வேண்டும்? கேள். நான் கேட்டு வாங்கித் தர மாட்டேன்” என்று சொல்லிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் எழுந்தேன். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. “அண்ணே, மூன்று ரூபாய்” என்று வந்த குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். கண்டக்டர் முகத்தைக்கூட நிமிர்த்தாமல் தோல்பைக்குள் கையை விட்டு மூன்று காசுகளை எடுத்து என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். பஸ்ஸில் யாருமே திரும்பிப் பார்க்கவில்லை. நான் அத்தனை நாளாகக் கற்பனை செய்த எதுவும் நடக்கவில்லை.

பின்னாளில் படித்தபோதுதான் அன்று நடந்தது புரிந்தது. பயந்து விலகியதும் ஒரு நிம்மதி வருகிறது அல்லவா, அதுதான் பயத்துக்குத் தீனி. ‘விலகினாய், பிழைத்தாய்’ என்று மனம் குறித்துக்கொள்கிறது. அடுத்த முறை இன்னும் சீக்கிரம் விலகச் சொல்கிறது. விலகாமல் நின்றால் படபடப்பு ஓர் உச்சத்துக்குப் போய்த் தானாக இறங்கும். 1924-இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், முயலைக் கண்டாலே அழும் பீட்டர் என்ற சிறுவனைப் பற்றி எழுதினார். அவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கூண்டு முயலை எட்ட வைத்து, சிறிது சிறிதாகப் பக்கத்தில் கொண்டுவந்தார்கள். கடைசியில் அவன் அதைத் தடவிக்கொடுத்தான். ‘தைரியமாக இரு’ என்று ஆயிரம் முறை சொல்வதைவிட அந்தக் கூண்டைக் கொஞ்சம் நகர்த்துவது மேல் என்பது என் எண்ணம்.

நானும் அப்படித்தான் நகர்த்தினேன். டீக்கடையில் ‘சர்க்கரை குறைவாக’ என்று கேட்பது முதல் வேலை. பிறகு சிம்மக்கல்லில் அறிமுகமில்லாதவரிடம் வழி கேட்டேன், தெரிந்த இடத்துக்கே. பிறகு கண்டக்டர் பக்கத்திலேயே நின்றுகொண்டு மெதுவாக விலக்கைச் சொன்னேன். நடுவில் ஒரு வாரம் முழுக்கப் பழையபடி நடந்தே வீடு போனேன். மறுபடி டீக்கடையிலிருந்து தொடங்கினேன். ஒரு மாதத்துக்கு மேல் ஆன பிறகு, கடைசி இருக்கையிலிருந்து “விலக்கில் ஓர் ஆள்!” என்று கத்தினேன். விசில் ஊதினார்கள். புளியமரத்தைக் கொஞ்சம் தாண்டித்தான் பஸ் நின்றது. அன்று அந்தச் சிறு தூரம் நடந்ததுபோல வேறு எந்த நடையும் எனக்குச் சுகமாக இருந்ததில்லை. அடுத்த தீபாவளி விற்பனைக்கு நானே முதலாளியிடம் போய்க் கேட்டேன்.

இன்றும் ஒத்தக்கடை தாண்டினால் நெஞ்சு லேசாக அடிக்கிறது. அதை நிறுத்தப் பார்ப்பதில்லை. அடிக்க அடிக்கவே எழுந்து படியருகே போய்விடுகிறேன்.

வேலையை விடும் அளவுக்கு, வீட்டைவிட்டு வெளியே வர முடியாத அளவுக்குப் பயம் இருந்தால் தனியாகப் போராடாதீர்கள். 14416 என்ற டெலிமானஸ் எண்ணுக்கு, அதாவது அரசின் மனநல உதவி எண்ணுக்கு, அழைத்தால் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. மதுரையில் இருந்தால் அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது.

சில்லறை விஷயத்துக்கு வருகிறேன். தினமும் போகும், முகம் தெரிந்த கடையாகப் பார்த்துத் தொடங்குங்கள். காசை வாங்கியதும் நகராமல், அங்கேயே நின்று, அவர் கண் முன்னால் எண்ணுங்கள். முதல் வாரம் அதுமட்டும் போதும். குறைந்தாலும் கேட்க வேண்டாம். இரண்டாம் வாரம் கேளுங்கள்.